புயல் காட்டிக்கொடுத்த வெள்ளி

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக் கிழக்குக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து புயல் வீசி ஓய்ந்த மறுநாள் விடியலில், மற்றவர்கள் தங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க, சிலர் மட்டும் உலோகம் கண்டறியும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு ஓடுவார்கள். கடலரிப்பால் ஆளுயரத்திற்குச் செங்குத்தாக அறுபட்டு நிற்கும் மணற்குன்றின் அடியில் குனிந்து நடப்பார்கள். நாள் முழுக்க நடந்தும் ஆணியும் தகரமுமே கிடைப்பது வழக்கம். எப்போதாவது ஒருவர் கையில், கறுத்து, கோணல்மாணலாக, பார்த்தால் தூக்கியெறியத் தோன்றும் ஒரு தகடு அகப்படும். அது முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவில் அடித்த வெள்ளிக்காசு.

செபாஸ்டியன் முகத்துவாரத்தை ஒட்டிய இந்தக் கரைக்குப் 'புதையல் கரை' என்றே பெயர் வழங்குகிறது. 1960-களில் செய்தித்தாள்கள் சூட்டிய பெயர் அது. பெயரைக் கேட்டதும் கடற்கொள்ளையர் கதைதான் நினைவுக்கு வரும். ஆனால் இக்கரையின் உண்மைக் கதை, கொள்ளையைக் காட்டிலும் மறதியைப் பற்றியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் 1715-க்குப் போவோம். ஸ்பெயின் அரியணைக்காக ஐரோப்பா பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் போரிட்டு ஓய்ந்திருந்த நேரம். ஐந்தாம் ஃபெலிப்பே மன்னரின் கருவூலம் வற்றியிருந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களின் வெள்ளி வந்து சேர்ந்தால்தான் அரசு நடக்கும் என்ற நிலை. மெக்சிகோவின் வேராகுரூஸ் துறைமுகத்திலிருந்து உபில்யா என்னும் தளபதியின் கப்பல்களும், தென்னமெரிக்கக் கரையிலிருந்து எச்செவேர்ஸ் என்பாரின் கப்பல்களும் கியூபாவின் ஹவானாவில் ஒன்றுகூடின. பல காரணங்களால் புறப்பாடு தள்ளிக்கொண்டே போயிற்று. ஜூலை 24 அன்று பதினொரு ஸ்பானியக் கப்பல்களும், உடன் வரும்படி கட்டாயப்படுத்தப்பட்ட ஒரு பிரெஞ்சுக் கப்பலும் பாய் விரித்தன. புயற்காலம் அதற்குள் தொடங்கிவிட்டிருந்தது.

பதிவேட்டில் ஏறிய செல்வம் மட்டும் ஏறத்தாழ 65 இலட்சம் பெசோ. ஒரு பெசோ என்பது எட்டு ரியால், சுமார் 27 கிராம் வெள்ளி. (இதே ஸ்பானிய ரியால்களைத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி மூட்டை மூட்டையாகச் சென்னைப்பட்டணத்திற்கும் கொண்டுவந்து உருக்கி உள்ளூர் நாணயமாக அடித்தது. அந்த வெள்ளி எட்டாத கடற்கரை அன்று குறைவு.) வரிக்கு அஞ்சிப் பதிவேட்டில் காட்டாமல் ஏற்றப்பட்ட தனியார் பொன்னும் நகையும் இதற்கு மேல். மணிலாவிலிருந்து பசிபிக்கைக் கடந்து அகபுல்கோ வந்து, தரைவழியே வேராகுரூஸ் சேர்ந்த சீனப் பீங்கானும் அந்தக் கப்பல்களில் இருந்தது.

ஃபுளோரிடாக் கரைக்கும் பஹாமாத் தீவுகளுக்கும் இடைப்பட்ட குறுகிய நீர்ப்பாதையில் அவை வடக்கே ஏறிக்கொண்டிருந்தபோது புயல் பிடித்தது. ஜூலை 31, விடிவதற்கு முன், கிழக்கிலிருந்து அடித்த காற்று பதினொரு ஸ்பானியக் கப்பல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாரில் மோதி உடைத்தது. பிரெஞ்சுக் கப்பல் ஒன்று மட்டுமே தப்பியது. உபில்யா உட்பட ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்தனர். நீந்தியும் பலகையைப் பற்றியும் கரையேறியவர்கள் சுமார் ஆயிரத்து ஐந்நூறு பேர். மரம் கூட அதிகமில்லாத மணற்கரையில், உணவும் நன்னீரும் இன்றி, சால்மோன் என்னும் தளபதி எஞ்சியவர்களை ஒழுங்குபடுத்தினார். அவர் செய்த முதல் காரியங்களுள் ஒன்று, கரையொதுங்கிய பெட்டிகளைத் தம் ஆட்களே சூறையாடாமல் காவல் வைத்தது.

ஹவானாவிலிருந்து மீட்புக் கப்பல்கள் வந்தன. ஓயோ சொலொர்ஸானோ என்னும் அதிகாரியின் தலைமையில் கரையில் முகாம் எழுந்தது. பழங்குடி மக்களையும் ஆப்பிரிக்க அடிமைகளையும் கடலில் இறக்கி முக்குளிக்கச் செய்தார்கள். மூச்சை அடக்கி, கல்லைப் பிடித்துக்கொண்டு மூழ்கும் அந்த முறை, மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்ததைப் பற்றிக் கேட்டிருக்கும் நமக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே குளித்தவர்களுக்குப் பங்கு ஏதுமில்லை. அவர்கள் பெயர்களும் நமக்குத் தெரியாது. 50 இலட்சம் பெசோவை ஒட்டிய தொகை மீண்டது. செய்தி கரீபியன் முழுவதும் பரவ, 1715 முடிந்து 1716 பிறக்கும் தறுவாயில், ஜமைக்காவிலிருந்து ஹென்றி ஜென்னிங்ஸ் என்பவர் சில நூறு பேருடன் வந்து முகாமைத் தாக்கி, ஒரு இலட்சத்திற்கு மேற்பட்ட பெசோவை அள்ளிப்போனார். மூழ்கிய வெள்ளியைத் தேடி வந்து ஏமாந்தவர்கள் பலர் பஹாமாவின் நசாவில் தங்கிக் கடற்கொள்ளையராக மாறியது தனிக் கதை.

சில ஆண்டுகளில் ஸ்பானியர்கள் முகாமைக் கலைத்துப் புறப்பட்டார்கள். கணக்கெல்லாம் ஸ்பெயினின் செவில் நகர ஆவணக் காப்பகத்தில் அடுக்கப்பட்டது. முகாமின் மேல் பனங்குருத்தும் புதரும் மண்டின. கப்பல்கள் எங்கே உடைந்தன என்பதை இரண்டு நூற்றாண்டுகளில் அந்தக் கரையே மறந்துபோயிற்று.

கரை மறந்தாலும் கடல் மறக்கவில்லை என்பதை விளங்கிக்கொள்ள மணலின் இயல்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். கோடையில் மெல்லிய அலைகள் மணலைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. குளிர்காலப் புயலின் குறுகிய, வேகமான அலைகளோ அதே மணலை அரித்துக் கடலுக்குள் இழுத்துச் சென்று திட்டாகக் குவிக்கின்றன. மணல் போய்விடும், கனமான காசு போகாது. அது ஆண்டுக்கணக்கில் கீழிறங்கி, சிப்பியும் களியும் இறுகிய அடித்தளத்தில் போய் அமர்ந்திருக்கும். மேலுள்ள மணலைப் புயல் முழுவதும் வழித்தெடுக்கும் அந்த ஓரிரு நாள் மட்டும் அது வெளியே தெரியும். பிறகு மணல் திரும்பி மூடிவிடும். 2004 செப்டம்பரில் ஃபிரான்சஸ், ஜீன் என்ற இரு சூறாவளிகள் மூன்று வார இடைவெளியில் ஏறக்குறைய ஒரே இடத்தில் கரை கடந்தபோது, வீடிழந்தவர்களின் கரையில் காசு தேடுவோரும் நடந்தார்கள்.

கிப் வாக்னர் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் இந்த மணற்கரைக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின். ஒஹாயோ மாநிலத்துக்காரர். புயலுக்குப் பின் காசு கிடைக்கும் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லக் கேட்டு அவரும் பொறுக்கத் தொடங்கினார். மற்றவர்களிடமிருந்து அவரை வேறுபடுத்தியது ஒன்றுதான்: பொறுக்கியதை அவர் படித்தார். அக்காசுகள் வார்ப்பில் வட்டமாக அடிக்கப்பட்டவை அல்ல. வெள்ளிப் பாளத்திலிருந்து துண்டு வெட்டி, எடை சரிபார்த்து, சுத்தியலால் முத்திரை அடித்தவை. ஆண்டு விளிம்பில் வருவதால் பெரும்பாலான காசுகளில் அது வெட்டுப்பட்டே போயிருக்கும். ஆண்டு தெரிந்த சிலவற்றை வரிசைப்படுத்தியபோது, 1715-க்குப் பிந்தைய காசு ஒன்றுகூட இல்லை என்பது புலப்பட்டது. அப்படியானால் அந்த ஆண்டில் மூழ்கிய கப்பல்களின் காசுகள் அல்லவா இவை?

வல்லுநர் கருத்தோ வேறாக இருந்தது. அந்தக் கப்பல்கள் வெகுதூரம் தெற்கே, ஃபுளோரிடாவின் தென்கோடித் தீவுகளருகே மூழ்கின என்றே அன்று நம்பினார்கள். 1733-இல் இன்னொரு ஸ்பானியக் கப்பல் தொகுதி அங்கே அழிந்தது உண்மைதான். இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. வாக்னரின் நண்பர் கெல்ஸோ ஒரு மருத்துவர். அவர் விடவில்லை. வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்திற்குச் சென்று பழைய நூல்களைப் புரட்டினார். பெர்னார்ட் ரோமன்ஸ் என்ற நில அளவையாளர் 1775-இல் வெளியிட்ட ஃபுளோரிடா பற்றிய நூலும் அதன் வரைபடமும் கையில் கிடைத்தன. 1715-இன் ஸ்பானியக் கப்பல்கள் அழிந்தது செபாஸ்டியன் ஆற்றின் எதிரேதான் என்று அந்த வரைபடம் தெளிவாகக் குறித்திருந்தது. கீழைக்காற்று பலமாக வீசிய பின் அக்கரையில் வெள்ளிக்காசுகள் கிடைப்பதையும் ரோமன்ஸ் எழுதியிருந்தார்!

வாக்னர் எழுதி 1966-இல் வெளிவந்த 'எட்டு ரியால் துண்டுகள்' நூலில் இந்தப் பகுதி எனக்குத் தரும் வியப்பைப் பொற்காசுகள் பற்றிய அத்தியாயங்கள் தருவதில்லை. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக, யாரும் எடுத்துப் படிக்கக்கூடிய நூலகத்தில் விடை அச்சாகியே கிடந்திருக்கிறது.

பிறகு செவிலுக்குக் கடிதம் போயிற்று. அங்கிருந்து நுண்படச் சுருள்கள் வந்தன. பழைய இராணுவக் கண்ணிவெடிக் கருவி ஒன்றை வாங்கி வாக்னர் புதருக்குள் தேட, கப்பல் ஆணிகளும் பீரங்கிக் குண்டுகளுமாக ஸ்பானியர்களின் முகாம் அகப்பட்டது. முகாமின் எதிரே கடலில் மிதவையில் குப்புறப் படுத்துப் பார்த்தபோது, அடிச்சுமைக் கற்களுக்கிடையே பீரங்கிகள் கிடந்தன. நண்பர்களைச் சேர்த்து, 'ரியல் எய்ட்' என்ற நிறுவனத்தை 1961-இல் பதிவு செய்தார். உரிமம் வழங்கிய மாநில அரசுக்குக் கிடைத்ததில் நான்கில் ஒரு பங்கு. 1962-இல் ஒரு புயலுக்குப் பின் வாக்னரின் சகோதரர் முறை மகன், நீளமான பொற்சங்கிலியில் கோத்த ஒரு டிராகன் உருவைக் கடற்கரையில் கண்டெடுத்தான். ஊதுகுழலாகவும் பல்குத்தியாகவும் காதுக்குறும்பி எடுக்கும் கரண்டியாகவும் ஒருசேர அமைந்த பொன்னணி. 1967-இல் அது 50,000 டாலருக்கு ஏலம் போயிற்று.

கலிபோர்னியாவிலிருந்து மெல் ஃபிஷரின் குழு 1963-இல் வந்து சேர்ந்தபின் வேகம் கூடியது. படகின் உந்துவிசிறிக்குப் பின்னால் வளைந்த பெருங்குழாயைப் பொருத்தி, விசிறி தள்ளும் நீரை நேரே கீழ்நோக்கித் திருப்பினார்கள். கலங்கிய ஆழத்திற்குத் தெளிந்த நீரைச் செலுத்துவதுதான் நோக்கம். அது நிமிடக்கணக்கில் மணலில் கிணறு பறிப்பதும் தெரியவந்தது. 1964 மே மாதத்தில் ஒரே நாளில் ஆயிரத்திற்கு மேற்பட்ட பொற்காசுகள் வெளிப்பட்டன. அந்தக் காட்சி எத்தகையது என்று கற்பனை செய்யலாம்: கடலடி முழுவதும் பொன் விரித்தது போல் இருந்திருக்கும்.

ஆனால் மணலைத் தள்ளிய அதே நீர்வீச்சு, காசு எந்த மரக்கட்டையின் அருகில், எந்தப் பாண்டத்துண்டின் மேல் கிடந்தது என்பதையும் தள்ளிவிட்டது. வெள்ளியின் விலை பாளத்தில் இருக்கிறது. அதன் வரலாறோ கிடந்த இடத்தில் இருக்கிறது. ஃபுளோரிடாவின் முதல் ஆழ்கடல் தொல்லியலாளரான கார்ல் கிளாசன் அறுபதுகளின் நடுவிலேயே இக்கப்பல்களுள் ஒன்றைப் பற்றி முறையான அறிக்கை எழுதியது உண்மை. ஆனால் கப்பல்கள் பதினொன்று, தொல்லியலாளர் ஒருவர். பதினொரு உடைந்த கப்பல்களுள் சிலவற்றின் பெயரைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாமைக்கு இதுவும் காரணம். வாக்னர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆண்டு தெரிந்த நாலைந்து காசுகளிலிருந்து ஒரு கப்பல் தொகுதியை அனுமானித்தவர் அவர். இடத்தின் மதிப்பை அறியாதவர் என்று சொல்லிவிட முடியாது. அவர் தொடங்கிவைத்த தொழில்தான் அந்த மதிப்பை மறந்தது.

அந்த மறதி எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2015-இல் ஒரு மீட்புக் குழு 101 பொற்காசுகளைக் கண்டெடுத்து, 51-ஐ மட்டும் கணக்கில் காட்டியது. மறைக்கப்பட்டவற்றில் 37 காசுகளை மாநில மீன்வள, வனவிலங்கு ஆணையமும் எஃப்.பி.ஐ.யும் சேர்ந்து கைப்பற்றியதாக 2024-இல் அறிவிப்பு வந்தது. திருடிய காசுகளில் மூன்றை 2016-இல் மீண்டும் கடலடியில் இட்டு, முதலீட்டாளர்கள் அவற்றைப் 'புதிதாகக்' கண்டெடுக்கும்படி செய்தார்கள் என்பது விசாரணையில் தெரியவந்ததாக ஆணையம் சொன்னது. காசு மெய், கிடந்த இடம் பொய். வருங்கால ஆய்வாளர் ஒருவர் அந்த மூன்று புள்ளிகளையும் நம்பிக் கப்பலின் சிதைவை வரைபடமாக்கியிருந்தால் என்னாவது?

இன்று உரிமம் பெற்ற குழுக்கள் நீதிமன்ற மேற்பார்வையில் கோடைதோறும் தேடுகின்றன. மாநில அருங்காட்சியகத்திற்கு ஒரு பங்கு போகிறது. 2025 கோடையிலும் ஆயிரத்திற்கு மேற்பட்ட வெள்ளிக்காசுகள் கிடைத்தன.

பதினொரு கப்பல்களில் ஒன்று மட்டும் சற்று வேறு வழியில் போயிற்று. உர்கா தே லிமா என்பது அதன் வழக்குப்பெயர். ஃபோர்ட் பியர்ஸ் நகரருகே, முழுதும் சிதறாமல் தரைதட்டி நின்றது. அதிலிருந்த உணவுப்பொருள்தான் கரையேறியவர்களைப் பிழைக்க வைத்தது. கொள்ளையர் கண்ணில் படாதிருக்க, சரக்கை இறக்கியபின் நீர்மட்டம் வரை அதைக் கொளுத்திவிட்டார்கள். அரச வெள்ளி அதில் ஏறியிருக்கவில்லை. 1987-இல் மாநில அரசு அதை நீரடித் தொல்லியல் காப்பிடமாக அறிவித்தது. ஃபுளோரிடாவில் அதுவே முதலாவது. கரையிலிருந்து இருநூறு கெஜத் தொலைவில், இரண்டு மூன்று ஆள் ஆழத்தில் கிடக்கிறது. யாரும் நீந்திச் சென்று பார்க்கலாம், எதையும் எடுக்கக்கூடாது. சில ஆண்டுகளில் மணல் அதன் பலகைகளை முழுதும் மூடிவிடும். அப்போது போகிறவர்கள் அடுத்த புயல் வரை காத்திருக்க வேண்டியதுதான்.