டிபன் நேரத்துப் பேச்சு

நம்மூரில் ஜெராக்ஸ் என்பது ஒரு கம்பெனியின் பெயர் என்றே பலருக்கு ஞாபகம் இருக்காது. கடை, மெஷின், நகல் எல்லாமே ஜெராக்ஸ்தான். அந்த அமெரிக்கக் கம்பெனிக்குள் நடந்த இந்தக் கதை, டீம், விக்கி, டாக்குமெண்ட் என்று காலம் தள்ளும் என் போன்றவர்களுக்கு ரொம்ப நெருக்கமானது.

1980களில் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்த மானுடவியலாளர் ஜூலியன் ஓர், மெஷின் ரிப்பேர் செய்பவர்களின் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தார். அவர்கள் கையில் தடிமனான கையேடு இருந்தது. இந்த எண் தெரிந்தால் இதைச் சோதி, சரியில்லையா, இந்தப் பாகத்தை மாற்று. அதன்படி செய்தால் போதும், யோசிக்க வேண்டியதில்லை என்பது நிர்வாகத்தின் நினைப்பு. ஆனால் ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு மாதிரி தேய்கிறது. கையேடு எழுதியவர் கற்பனை செய்யாத கோளாறுதான் வாடிக்கையாளர் ஆபீஸில் வந்து நிற்கும்.

ஓர் கண்டது இதைத்தான்: இவர்கள் காலையில் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள், சாப்பிடும்போது மெஷின் கதை பேசுகிறார்கள். கையேட்டுக்குப் பிடிபடாத ஒரு கோளாறின் முன்னால் இரண்டு பேர் மணிக்கணக்கில் உட்கார்ந்து, "அன்னைக்கு அங்க இப்படி ஆச்சே" என்று மாறி மாறிப் பழைய கதைகளைச் சொல்லிச் சொல்லியே காரணத்தை நெருங்கினார்கள். அப்புறம் அதுவே அடுத்த சாப்பாட்டு வேளைக்கு ஒரு புதுக் கதை. கணக்குப் பார்க்கிற மேனேஜருக்கு இதெல்லாம் வெட்டிப் பேச்சாகத் தெரிந்திருக்கும். உண்மையில் வேலையில் பாதி அங்கேதான் நடந்தது. ஓரின் புத்தகம் 1996இல் வந்தது.

அதே ஆய்வகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆட்கள், கோளாறைத் தானே கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். ரிப்பேர்காரர்கள் அசரவில்லை. கையேட்டில் இருப்பதைத் திரும்பச் சொல்ல மென்பொருள் எதற்கு? கையேட்டில் இல்லாததுதானே தலைவலி.

பிறகு 1990களில், பிரான்சில் யுரேகா தொடங்கியது. ரிப்பேர்காரர் ஒருவர் தான் கண்டுபிடித்த வழியை எழுதி அனுப்புவார். அனுபவமுள்ள சக ஊழியர்கள் அதைச் சரிபார்ப்பார்கள். தேறினால் எழுதியவர் பெயரோடு எல்லோருக்கும் போகும். குறிப்புக்கு இவ்வளவு பணம் என்று கொடுக்கலாமா என்ற பேச்சும் வந்தது. வேண்டாம் என்றது ரிப்பேர்காரர்களேதான். காசு கொடுத்தால் எண்ணிக்கைதான் ஏறும், சரக்கு இருக்காது. பெயர் இருந்தால் போதும் என்றார்கள்.