சிலிப்பர் கட்டையும் பெரியப்பாவும்

கொஞ்ச நாளைக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு நைல்சுக்குப் போயிருந்தேன். இங்கே ஃப்ரீமான்டில் எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிசம். 1915 இல் சார்லி சாப்ளின் வந்து படம் எடுத்த ஊர் என்று பெருமை பேசுவார்கள். எனக்கு அதைவிட அந்த ஊரின் சின்ன றெயில் ஸ்ரேசன்தான் பிடிக்கும். அங்கிருந்து ஆற்றோரமாக மலை இடுக்குக்குள்ளால் சுனோல் என்ற ஊர் வரைக்கும் பழைய றெயில் ஒன்றை ஓட்டுகிறார்கள். பேரனுக்கு எஞ்சின் பார்க்க ஆசை. எனக்கு என்ன ஆசை என்று எனக்கே அப்போது தெரியாது.

ஸ்ரேசனுக்குக் கொஞ்சம் தள்ளி, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உக்கிப்போன சிலிப்பர் கட்டைகளைக் கழற்றி அடுக்கி வைத்திருந்தார்கள். காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது அந்த மணம் வந்தது. தாரும் மரமும் எண்ணெயும் வெயிலில் காய்ந்த மணம். உங்களில் எத்தனை பேருக்கு அது ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. தண்டவாளக் கரையில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். பேரன் கையைப் பிடித்து இழுத்தான்.

எங்களுடைய ஊர் மீசாலை. வளவின் பின்வேலிக்கு அங்காலே றெயில் பாதை. பெரியப்பா அந்தப் பாதையில் வேலை செய்தவர். எஞ்சின் ஓட்டுபவரோ ஸ்ரேசன் மாஸ்டரோ இல்லை. தண்டவாளம் பார்க்கிற ஆள். விடிய ஆறு மணிக்கு நீளப்பிடிச் சுத்தியல், ஒரு பெரிய ஸ்பானர், சுருட்டின சிவப்புக் கொடி, பச்சைக் கொடி எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு கொடிகாமம் பக்கமாக நடப்பார். தண்டவாளம் இரண்டு பொருந்துகிற இடத்தில் சுத்தியலால் ஒரு தட்டு. பிறகு அடுத்த பொருத்து. சின்ன வயதில் நான் பின்னால் ஓடுவேன்.

"ஏன் பெரியப்பா தட்டுறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆணி கழண்டால் ஒரு சத்தம், கட்டை உக்கினால் வேறை சத்தம். காது குடுத்துக் கேள்" என்றார்.

எனக்கு எல்லாம் ஒரே 'டங்' தான்.

அந்த வேலையின் அருமை எனக்கு விளங்க முப்பது நாற்பது வருடம் எடுத்தது. தண்டவாளத்தைப் போட்டுவிட்டால் அது கிடக்கும் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். அப்படியில்லை. சித்திரை வெயிலில் இரும்பு நீளும். பொருத்தில் விட்ட இடைவெளி போதாவிட்டால் பாதை பாம்பு மாதிரி நெளியும். மாரி மழையில் கட்டைக்குக் கீழே உள்ள சல்லிக்குள் சேறு புகுந்தால் தண்ணீர் வடியாது, கட்டை தாழும், ஒரு பக்கம் மட்டம் குறையும். அப்போது நாலைந்து பேராக நின்று, பிக்கான் மாதிரி ஆனால் முனை தட்டையான ஒரு ஆயுதத்தால் கட்டைக்குக் கீழே சல்லியை அடித்து இறுக்குவார்கள். பெரியப்பா ஒரு கன்னத்தைத் தண்டவாளத்தோடு வைத்துப் படுத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் தூரத்தைப் பார்த்து "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... சரி" என்பார். அதுதான் மட்டம் பார்க்கிற முறை. ஆனையிறவுப் பக்கம் உப்புக் காற்று. அங்கே வேலை செய்தவர்களுக்குத் துரு ஒரு தனிச் சண்டை. இவ்வளவும் செய்த பிறகுதான் யாழ்தேவி எங்கள் வேலிக்கு அங்காலே ஒரு நிமிசத்தில் பறந்து போகும்.

இந்தப் பாதையின் கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். இலங்கையில் முதல் றெயில் 1864 இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடியது. 1867 இல் கண்டி. எல்லாம் கோப்பிக்காக, பிறகு தேயிலைக்காக. வெள்ளைக்காரத் துரைமாருக்கு வடக்கில் தோட்டம் இல்லை, ஆகவே அவசரமும் இல்லை. பொல்காவலையிலிருந்து குருநாகல் வரை 1894 இல் வந்த பாதை அங்கேயே கன நாள் நின்றது. ஆளுநர் வெஸ்ற் ரிட்ஜ்வேயின் காலத்தில்தான் வடக்குப் பாதை வேலை சூடுபிடித்தது. 1902 இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை, அதே வருடம் பளை வரை றெயில் ஓடியது. கவனியுங்கள், அப்போது அது தெற்கோடு இணையவில்லை. குடாநாட்டுக்குள் மட்டும் ஓடின ஒரு தனி றெயில்! நடுவில் வன்னிக் காடும் மலேரியாவும் கிடந்தன. 1905 ஆவணியில்தான் இரண்டு முனையும் சேர்ந்தன. ரிட்ஜ்வேயின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. காட்டை வெட்டிக் காய்ச்சலில் செத்த கூலிகளின் பெயர் இல்லை.

அந்தப் பாதை எங்கள் சமூகத்தையே மாற்றியது. அதற்கு முன் கொழும்புக்குக் கப்பல், இல்லாவிட்டால் மாட்டுவண்டி. 1905 க்குப் பிறகு கொழும்பில் உத்தியோகம், ஊரில் குடும்பம் என்ற வாழ்க்கை சாதாரணமாகிவிட்டது. புகையிலை, வெங்காயம், மிளகாய் எல்லாம் தெற்கே போயின. எங்கள் தென்மராட்சிக் கறுத்தக் கொழும்பான் மாம்பழம் வைக்கோல் போட்ட கடகத்துக்குள் ஏறிப் போனது. திரும்பி வரும்போது மணியோடரும் தகர விசுக்கோத்துப் பெட்டியும் வந்தன. கிழவிகள் கடைசிவரை அதைக் 'கோச்சி' என்றுதான் சொன்னார்கள்.

யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 சித்திரை. இந்த ஃப்ரீமான்டும் ஐந்து சின்ன ஊர்களைச் சேர்த்து நகரமானது 1956 தை மாதம்தான், நைல்ஸ் அதில் ஒன்று. அதே 1956 ஆனியில்தான் தனிச் சிங்களச் சட்டமும் வந்தது. வடக்கையும் தெற்கையும் வேகமாக இணைக்கிற றெயிலும், இரண்டையும் பிரிக்கிற சட்டமும் இரண்டு மாத இடைவெளியில்! அந்த வருடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1985 தையில் படையினரை ஏற்றி வந்த யாழ்தேவி முறிகண்டிக்கு அருகே தாக்கப்பட்டது. அதற்குப் பிறகு நின்றும் ஓடியும் ஒருவாறு இழுபட்டது. 1990 ஆனி 13 ஆம் திகதியோடு யாழ்ப்பாணத்துக்கு றெயில் சரி. பாதை வவுனியாவோடு முடிந்தது. பெரியப்பா அதற்குப் பிறகும் சில நாள் சுத்தியலோடு நடந்தார். பெரியம்மா ஏசினா: "கோச்சி இல்லாத லைனை என்னத்துக்குத் தட்டுறியள்?" அவர் பதில் சொல்லவில்லை. பிறகு ஷெல் விழத் தொடங்க, நடப்பதை விட்டுவிட்டார். ஒரு மாரி போனது. பாதையில் எருக்கலையும் நாயுருவியும் முளைத்தன. பாதை செத்தது குண்டால் என்று சொல்லுவார்கள். நான் பார்த்தபடி, காலையில் நடந்த அந்த ஆட்கள் வீட்டில் இருந்த அன்றைக்கே அது சாகத் தொடங்கிவிட்டது.

இனிச் சொல்லப்போவதை எங்கள் ஆட்கள் சிலர் விரும்பமாட்டார்கள். தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் கழற்றினது ஆர்? ஆமியும் கழற்றியது, பெடியளும் கழற்றினார்கள். இரண்டு பக்கமும் பங்கர் கட்டியது. மிச்சத்தைச் சனம் எடுத்தது. எங்கள் வளவிலும் ஒரு பங்கர் இருந்தது. அதன் கூரைக்குக் குறுக்கே போட்டது இரண்டு துண்டுத் தண்டவாளம், மேலே சிலிப்பர் கட்டைகள், அதற்கு மேலே மண்மூட்டை. விமானச் சத்தம் கேட்டால் எல்லோரும் ஓடி உள்ளே போவோம். முதல் நாள் உள்ளே வந்த பெரியப்பா மேலே கட்டையைத் தடவிப் பார்த்தார். "இது எங்கட லைன் கட்டை" என்றார். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கட்டை எங்களைக் காப்பாற்றியது என்பதும் உண்மை. ஊரையும் உலகத்தையும் இணைத்த பாதையை உரித்துத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு இருந்தோம் என்பதும் உண்மை. கொழும்புக்குப் போகவேண்டியவர்கள் அப்போது கிளாலிக் கடலில் இருட்டுக்குள் வள்ளம் ஏறினார்கள்.

1996 இடப்பெயர்வில் வன்னிக்குப் போன இடத்தில் பெரியப்பா காய்ச்சலில் காலமானார். நான் அதற்கு முதலே வெளிக்கிட்டுவிட்டேன்.

நைல்ஸ் பாதைக்கு வருகிறேன். இது அமெரிக்காவின் முதலாவது கண்டம் கடந்த றெயில் பாதையின் ஒரு துண்டு. 1860களில் இந்த மலை இடுக்கில் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலானோர் சீனத் தொழிலாளர்கள். 1869 இல் பாதை முடிந்தது. அவர்களில் அனேகம் பேரின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. 1882 இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். 1984 இல் சதேர்ன் பசிபிக் கொம்பனி இந்தப் பாதை இனி இலாபமில்லை என்று கைவிட்டது, தண்டவாளத்தையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. நிலம் அலமேடா கவுண்டிக்குப் போனது. 1987 இல் பசிபிக் லோகோமோட்டிவ் அசோசியேசன் என்ற சங்கத்தின் தொண்டர்கள், சம்பளம் இல்லாமல், வெறும் கட்டாந்தரையில் திரும்பவும் கட்டை வைத்துத் தண்டவாளம் போடத் தொடங்கினார்கள். 1988 இல் முதல் றெயில் ஓடியது. பிறகு துண்டு துண்டாக நைல்ஸ் வரை கொண்டுவந்தார்கள்.

அன்றைக்கு அந்த அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் நின்றார். வயது எழுபதுக்கு மேலே இருக்கும். புதுக் கட்டை ஒன்றைச் செருகிவிட்டுக் கன்னத்தைத் தண்டவாளத்தில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. எத்தனை வருடமாக வருகிறீர்கள் என்று கேட்டேன். இருபது வருடம் என்றார். எப்போது வேலை முடியும் என்று கேட்டேன். சிரித்தார். ஒரு முனையிலிருந்து மாற்றிக்கொண்டு மற்ற முனைக்குப் போய்ச் சேரும்போது தொடங்கின இடத்தில் கட்டை உக்கியிருக்கும் என்றார்.

எங்கள் பாதையையும் திரும்பப் போட்டார்கள். இந்தியக் கடனில், இர்கோன் என்ற இந்திய அரச நிறுவனம் செய்தது. 2013 இல் கிளிநொச்சி, 2014 மாசி முடிந்து பளை, 2014 ஐப்பசி 13 இல் யாழ்ப்பாணம், 2015 தையில் காங்கேசன்துறை. 24 வருடத்துக்குப் பிறகு! 2016 இல் நான் கோட்டை ஸ்ரேசனில் ரிக்கற் எடுத்து ஏறினேன். அனுராதபுரம் தாண்டினதும் பெட்டி அந்த ஆட்டம் ஆடியது, தேத்தண்ணி கப்பில் நிற்கவில்லை. ஓமந்தை வந்ததும் திடீரென்று ஆட்டம் நின்றது. பக்கத்தில் இருந்த பெடியன் "இனி நல்ல லைன் அண்ணை" என்றான்.

நான் யன்னலால் பார்த்துக்கொண்டு யோசித்தேன். ஆடின பாதை நூறு வருடத்துக்கு மேலே பழசு. ஆனால் அது செத்ததில்லை. ஆரோ சிங்களக் கிராமத்து ஆட்கள் ஒவ்வொரு நாளும் சுத்தியலோடு நடந்து அதை உயிரோடு வைத்திருந்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் வழுவழு என்று இருந்ததற்குக் காரணம், அங்கே பழசு ஒன்றும் மிஞ்சவில்லை. கொங்கிறீற் கட்டை, புதுத் தண்டவாளம், புது ஸ்ரேசன். சனம் சந்தோசப்பட்டது, நானும் சந்தோசப்பட்டேன். ஆனால் அந்த வழுவழுப்பு எங்கள் காயத்தின் தழும்பு என்பதை மறக்க முடியவில்லை. மீசாலையில் எங்கள் வளவைத் தாண்டும்போது வேலியும் இல்லை, வீடும் இல்லை. ஒரு நிமிசத்தில் போய்விட்டது.

மாகோ முதல் ஓமந்தை வரையான பழைய 128 கி.மீ. பாதையையும் பிறகு இந்திய உதவியோடு திருத்தினார்கள். அதற்காக 2023 இல் மாதக்கணக்கில் றெயிலை நிறுத்தினார்கள். செலவு 9 கோடி டொலருக்கு மேலே. 2025 சித்திரையில் இந்தியப் பிரதமர் மோடி அனுராதபுரத்துக்கு வந்து திறந்துவைத்தார். அதே வருடம் கார்த்திகைக் கடைசியில் டித்வா புயல் வந்து நாடு முழுக்கப் றெயில் பாதைகளை அரித்துக்கொண்டு போனது. திரும்பவும் சல்லி, திரும்பவும் கட்டை.

திறப்புவிழாவுக்குத் தலைவர்கள் வருவார்கள், நாடா வெட்டுவார்கள், கல்வெட்டில் பெயர் வரும். அடுத்த நாள் காலையில் சுத்தியலோடு நடக்கிற ஆளின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் வராது. புலம்பெயர்ந்த நாங்களும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிடம் கட்டக் காசு அனுப்புவோம், படம் எடுத்துப் போடுவோம். அந்தக் கட்டிடத்தின் கூரை ஒழுகினால் ஓடு மாற்ற ஆர் காசு அனுப்புகிறோம்? கட்டிக்கொடுப்பதில் இருக்கிற பெருமை பராமரிப்பதில் இல்லை. ஆனால் பாதையோ பள்ளிக்கூடமோ உயிரோடு இருப்பது இரண்டாவதால்தான்.

வெளிக்கிடும்போது அந்தக் கிழவர் பேரனின் கையில் ஒரு சுத்தியலைக் கொடுத்து, தண்டவாளத்தில் ஒரு தட்டுத் தட்டச் சொன்னார். அவன் இரண்டு கையாலும் தூக்கித் தட்டினான்.

"அப்பப்பா, இது என்ன சத்தம்?" என்று கேட்டான்.

"இன்னொருக்கால் தட்டு. காது குடுத்துக் கேள்" என்றேன்.