வண்டி அச்சு

வண்டி அச்சு என்பது சக்கரங்களைத் தாங்கி, வண்டியின் எடையை அவற்றுக்குக் கடத்தும் தண்டு ஆகும். மாட்டு வண்டியில் இது இருசு எனவும் அழைக்கப்படுகின்றது. சக்கரம் கழன்று விடாதபடி அச்சின் முனையில் செருகப்படும் ஆணி அச்சாணி அல்லது கடையாணி எனப்படும். பேச்சு வழக்கில் அச்சு, அச்சாணி இரண்டும் ஒன்றாகக் கருதப்படுவது உண்டு. எனினும் இவை வெவ்வேறு உறுப்புகள். திருக்குறளிலும் இவை தனித்தனியே உவமையாக வந்துள்ளன. அளவுக்கு மீறி ஏற்றினால் மயிற்பீலியும் அச்சை முறித்துவிடும் என்பது 475ஆம் குறளின் கருத்து. உருவிற் சிறிய அச்சாணியின் இன்றியமையாமை 667ஆம் குறளில் கூறப்படுகின்றது.

இக்கட்டுரை கையால் செய்யப்படும் தள்ளுவண்டிகள், மூன்று அல்லது நான்கு சக்கர மிதிவண்டிகள் ஆகியவற்றுக்கான அச்சைச் செய்தல், பொருத்துதல் பற்றியது.

வகைகள்

அச்சுகளை இரு வகையாகப் பிரிக்கலாம்.

நிலை அச்சு: அச்சு வண்டியின் சட்டத்தோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். சக்கரம் மட்டும் அதன் மேல் சுழலும். மாட்டு வண்டி, மிதிவண்டி ஆகியவற்றின் அச்சுகள் இவ்வகையின.

சுழல் அச்சு: சக்கரம் அச்சோடு இறுகப் பிணைக்கப்பட்டு, இரண்டும் சேர்ந்து சுழலும். தொடர்வண்டிப் பெட்டிகளின் அச்சுகள் இவ்வகையின. சிறுவர்கள் செய்யும் நுங்கு வண்டி இதற்கு எளிய எடுத்துக்காட்டு ஆகும். இரண்டு நுங்குக் கூந்தல்களில் இறுகச் செருகப்பட்ட குச்சி, கவைக் கோலின் பிளவுக்குள் சுழல்கின்றது.

தாங்கும் முறை

வீட்டில் செய்யப்படும் வண்டிகளில் அச்சு வளைவதற்கு முக்கிய காரணம், இருபுறமும் தாங்குவதற்காக உருவாக்கப்பட்ட சக்கரத்தை ஒருபுறம் மட்டும் தாங்கிப் பொருத்துவதாகும். மிதிவண்டிச் சக்கரத்தின் அச்சு ஏறத்தாழ 9 முதல் 10 மி.மீ. விட்டமே உடையது. கவையின் இரு கால்களும் அதன் இரு முனைகளையும் பிடித்திருப்பதால் அது போதுமானதாக உள்ளது. அதே அச்சை ஒரு முனையில் மட்டும் சட்டத்தோடு இணைத்தால் அது விரைவில் வளைந்துவிடும்.

வளைக்கும் திருப்புத்திறன் என்பது விசையையும், அது செயற்படும் தொலைவையும் பெருக்கிக் கிடைப்பதாகும். ஒரு சக்கரத்தின் மீது 100 கி.கி. எடை உள்ளது எனவும், சட்டத்திலிருந்து சக்கரத்தின் நடுப்பகுதி 60 மி.மீ. தள்ளி உள்ளது எனவும் கொள்வோம். திருப்புத்திறன் ஏறத்தாழ 59 நியூட்டன் மீட்டர் ஆகும். இதனால் உருண்டைத் தண்டில் உண்டாகும் தகைவு (சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டனில்) பின்வருமாறு:

12 மி.மீ. விட்டம்: 347
16 மி.மீ. விட்டம்: 146
20 மி.மீ. விட்டம்: 75

சாதாரண மென் எஃகு ஏறத்தாழ 250 என்னும் அளவில் நிரந்தரமாக வளைந்துவிடும். எனவே 12 மி.மீ. தண்டு இங்கு பயன்படாது. ஆனால் அதே தண்டை 100 மி.மீ. இடைவெளியில் இருபுறமும் தாங்கினால் தகைவு ஏறத்தாழ 145 ஆகக் குறைகின்றது. சக்கரத்தின் வெளிப்புறத்திலும் ஒரு சட்டத்தை அமைப்பது அச்சைத் தடிப்பாக்குவதற்கு ஈடான பயனைத் தருகின்றது.

தண்டின் வலிமை விட்டத்தின் முப்படிக்கு நேர்விகிதத்தில் அமையும். விட்டத்தை இரு மடங்காக்கினால் வலிமை எட்டு மடங்காகும்.

வளைவுகளில் உண்டாகும் பக்க விசை

இரு சக்கர மிதிவண்டி வளைவில் சாய்ந்து திரும்புவதால் சக்கரத்தின் மீது பக்க விசை பெரிதாக உண்டாவதில்லை. முச்சக்கர வண்டி சாய்வதில்லை. ஆகையால் தரையில் உண்டாகும் பக்க விசை, சக்கரத்தின் ஆரத்தை நெம்புகோலாகக் கொண்டு அச்சை வளைக்கின்றது. 26 அங்குலச் சக்கரத்தின் அடியில் 300 நியூட்டன் பக்க விசை செயற்பட்டால், அதனால் மட்டும் 99 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் உண்டாகும். இது மேற்கூறிய எடையால் உண்டாவதை விட அதிகம். ஒருபுறம் தாங்கும் அச்சுக்கு 20 மி.மீ. தண்டும், சிறிய சக்கரங்களும் பொருத்தமானவை என்பதற்கு இதுவே காரணம்.

உலோகக் களைப்பு

நிலை அச்சில் எடையினால் ஒரு பக்கம் எப்போதும் இழுபட்டும், எதிர்ப்பக்கம் அமுக்கப்பட்டும் இருக்கும். சுழல் அச்சிலோ ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு இடமும் மாறி மாறி இழுபட்டு அமுக்கப்படுகின்றது. 26 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 480 தடவை சுற்றுகின்றது. இவ்வாறு தொடர்ந்து மாறும் தகைவினால் நுண்ணிய விரிசல் தோன்றி, முன்னறிவிப்பின்றி அச்சு முறியக்கூடும்.

1842 மே 8 அன்று பிரான்சின் வெர்சாய் நகரிலிருந்து பாரிசு நோக்கி வந்த தொடர்வண்டியின் எஞ்சின் அச்சு முறிந்ததால் குறைந்தது 50 பேர் உயிரிழந்தனர். இதன் பின்னர் வில்லியம் ராங்கின் என்னும் இசுக்கொட்லாந்துப் பொறியியலாளர், விட்டம் திடீரென மாறும் கூரிய மூலைகளில் விரிசல் தொடங்குவதை எடுத்துக்காட்டினார். 1850களிலும் 1860களிலும் செருமானியரான ஆகத்து வோலர் அச்சுகளைச் சுழற்றிச் சோதித்தார்.

கைவினைஞருக்கு இதிலிருந்து கிடைக்கும் விதிகள் சில:

தண்டைக் கடைசல் இயந்திரத்தில் படியாகக் கடையும்போது மூலையை வளைவாக விடவேண்டும்.

முழு நீளமும் மரை வெட்டிய கம்பியை அச்சாகப் பயன்படுத்தக்கூடாது. 12 மி.மீ. மரைக்கம்பியின் உள்விட்டம் 10 மி.மீ.க்கும் குறைவு. அதன் வலிமை வழுவழுப்பான தண்டின் வலிமையில் ஏறத்தாழ 55 விழுக்காடு மட்டுமே. மேலும் ஒவ்வொரு மரைப் பள்ளமும் விரிசலுக்கு இடமளிக்கின்றது.

சுழல் அச்சில் வளைவு மிகுதியாக உள்ள இடத்தில் பற்றவைத்தலும் துளையிடுதலும் தவிர்க்கப்பட வேண்டும்.

துத்தநாகம் பூசிய தண்டைப் பற்றவைக்கும்போது எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். ஆகவே பூச்சை முன்னரே நீக்கிவிட வேண்டும்.

பொருத்துதல்

சக்கரத்தின் குடத்தில் இரண்டு பேரிங்குகளை இயன்ற அளவு இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். 20 மி.மீ. அச்சுக்கு 6004 (வெளிவிட்டம் 42 மி.மீ.) அல்லது 6204 (வெளிவிட்டம் 47 மி.மீ.) எண்ணுள்ள பேரிங்குகள் பொருந்தும். தண்டின் மீது ஏற்றும்போது உள்வளையத்தை மட்டுமே தட்ட வேண்டும். வெளிவளையத்தைத் தட்டினால் குண்டுகள் ஓடும் பாதை சேதமடையும். இரு உள்வளையங்களுக்கும் இடையில் சரியான நீளமுள்ள குழாய்த் துண்டை வைத்தால், நட்டை இறுக்கும்போது பேரிங்குகள் நசுங்காது.

சக்கரம் சுழலும்போது முனையிலுள்ள நட்டு தளர வாய்ப்புண்டு. எனவே நைலான் வளையம் உள்ள நட்டு, அல்லது ஸ்பிளிட் பின் செருகிய காடி நட்டு பயன்படுத்தப்படுகின்றது. பழைய கடையாணி செய்த வேலையையே இது செய்கின்றது.

இரு சக்கரங்களும் இணையாக உள்ளனவா எனப் பார்க்க, அவற்றின் முன்விளிம்புகளுக்கும் பின்விளிம்புகளுக்கும் இடைப்பட்ட தூரங்களை அச்சின் உயரத்தில் அளந்து ஒப்பிடலாம். வேறுபாடு இருந்தால் டயர் விரைவில் தேயும். வண்டியும் கனமாக ஓடும்.

மிதித்து ஓட்டும் முச்சக்கர வண்டி

பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சில் இறுகப் பிணைத்தால் வண்டி எளிதில் திரும்பாது. சக்கரங்களுக்கு இடையே 80 செ.மீ. அகலமுள்ள வண்டி 90 பாகை திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தை விட ஏறத்தாழ 1.26 மீட்டர் அதிகம் ஓடவேண்டும். இதற்குப் பின்வரும் தீர்வுகள் உள்ளன.

ஒரு சக்கரத்தை மட்டும் அச்சோடு பிணைத்து, மற்றதைத் தனியே சுழல விடுதல். இது எளியது; எனினும் பிணைத்த சக்கரம் வழுக்கினால் வண்டி நகராது. அச்சில் பொருத்திய பிரேக்கும் அந்த ஒரு சக்கரத்தையே நிறுத்தும்.

இரு சக்கரங்களுக்கும் தனித்தனி ஃப்ரீவீல் அமைத்தல்.

வேறுபாட்டுப் பல்லிணை அமைத்தல். இங்கிலாந்தைச் சேர்ந்த சேம்சு இசுட்டார்லி 1877இல் இதனை முச்சக்கர மிதிவண்டியில் பயன்படுத்தினார்.

பராமரிப்பு

மாட்டு வண்டி இருசுக்கு, கருக்கிய வைக்கோலை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்த மை இடுவது வழக்கம். பேரிங்குகளுக்குக் கிரீசு இடப்படுகின்றது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தளர்வு தெரிய வரும். அவ்வப்போது அச்சைத் துடைத்து, படிகளும் மரைகளும் தொடங்கும் இடங்களில் விரிசல் உள்ளதா எனப் பார்ப்பது அவசியம். வளைந்த அச்சை நிமிர்த்திப் பயன்படுத்துவதை விட மாற்றிவிடுவதே பாதுகாப்பானது.