பெயரை இழந்து கடல் கடந்த இரண்டாம் பாகம்

கென்ஷிரோ எதிரியின் நெற்றிப்பொட்டில் விரலால் ஒரு குத்து குத்துகிறான். எதிரிக்கு வலிக்கவே இல்லை. இவ்வளவுதானா என்று சிரிக்கிறான், ஏளனம் பேசுகிறான். கென்ஷிரோவோ அவன் செத்துவிட்ட செய்தியை அவனுக்கே தெரிவித்துவிட்டுத் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டான். சில நொடி கழிகிறது. எதிரியின் முகம் கோணுகிறது, தசை உப்புகிறது, சிரித்த வாய் மூடுவதற்குள் உடம்பு உள்ளிருந்து வெடிக்கிறது. 'ஹொகுதோ நோ கென்' என்ற ஜப்பானிய மங்காவின் உயிர் இந்தச் சில நொடிகளில் இருக்கிறது. அடி வெளியே விழுகிறது. அழிவு உள்ளே நடக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு தாமதம்.

பொத்தானை அழுத்தினால் அந்தக் கணமே பலன் தெரிய வேண்டும் என்பது வீடியோ கேமின் விதி. தாமதத்தால் வாழும் ஒரு சண்டைக் கலையை அந்த விதிக்குள் எப்படிக் கொண்டுவருவது? எண்பதுகளில் சேகா நிறுவனம் இதற்கு இரண்டு முறை விடை தேடியது. முதல் முறை 1986இல், இரண்டாம் முறை 1989இல். அந்த இரண்டாவது விளையாட்டு பிறந்த கதைதான் இது. கதையை மங்காவிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு முன்பே மங்காவுக்கு ஓர் இரண்டாம் பாகம் முளைத்திருந்தது.

தெத்சுவோ ஹாரா என்ற இளம் ஓவியர் 1983இல் 'ஃபிரெஷ் ஜம்ப்' இதழில் ஒரு சிறுகதை வரைந்தார். வர்மப் புள்ளிகளைத் தொட்டு எதிரியை அழிக்கும் கென்ஷிரோ என்ற இளைஞன் அதில்தான் முதலில் தோன்றினான். அதே ஆண்டு செப்டம்பரில் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் தொடராக வரும்போது எழுத்துக்கு புரோன்சோன் வந்து சேர்ந்தார். (சார்ல்ஸ் பிரான்சன் என்ற ஹாலிவுட் நடிகரின் பெயரிலிருந்து எடுத்த புனைபெயர் அது.) அணு யுத்தத்தில் கடல் வற்றி, நிலம் வெடித்துப் பாலையாகிவிட்ட உலகம். தண்ணீருக்கும் ஒரு பிடி தானியத்துக்கும் கொலை செய்யும் மோட்டார் சைக்கிள் கும்பல்கள். அந்தப் பாலையில் 'மேட் மேக்ஸ் 2' படத்தின் புழுதி அப்படியே படிந்திருக்கிறது. கென்ஷிரோவின் உடம்பில் புரூஸ் லீயும், முகத்தில் ஜப்பானிய நடிகர் யூசாகு மத்சுதாவும் இருக்கிறார்கள். மனித உடலில் 708 வர்மப் புள்ளிகள் உண்டு, அவற்றை அறிந்தவன் தொட்டால் போதும் என்பதுதான் அவன் கற்ற ஹொகுதோ ஷின்கென் கலையின் அடிப்படை.

எண்பதுகளின் நடுவில் ஷோனென் ஜம்ப் வாரத்துக்கு 40 லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றுக்கொண்டிருந்தது. அந்த ஓட்டத்தில் இந்தத் தொடருக்குப் பெரிய பங்கு உண்டு. கென்ஷிரோவின் அண்ணன் முறையான ராவோ, கலையில் அவனுக்குச் சமமான பகைவன். 136ஆம் அத்தியாயத்தில் இருவரும் மோதி ராவோ மாண்டபோது கதை நியாயமாக முடிந்துவிட்டது. படைப்பாளிகளும் அங்கேயே நிறுத்தத்தான் நினைத்திருந்தார்கள். ஆனால் இத்தனை லட்சம் பேர் வாசிக்கும் தொடரை எந்த வார இதழ்தான் விடும்? கதையில் சில ஆண்டுகள் உருண்டோடின. முன்பாதியில் கென்ஷிரோவோடு திரிந்த குழந்தைகள் லின்னும் பாட்டும் வளர்ந்து கிளர்ச்சிப் படைக்குத் தலைமை ஏற்றார்கள். பேரரசு, அதன் தளபதி ஃபால்கோ, கடலுக்கு அப்பால் அசுரர்களின் நாடு, அங்கே ராவோவின் சொந்த அண்ணன் கையோ என்று தொடர் இன்னும் நூற்றுச் சொச்சம் அத்தியாயங்கள் நீண்டு, 1988இல் 245ஆம் அத்தியாயத்தோடு நின்றது. இந்தப் பின்பாதி முன்பாதியின் உயரத்தை எட்டவில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஃபால்கோவின் பகுதி மட்டும் விதிவிலக்கு. தன் ஊர் மக்களைக் காப்பாற்றத் தன் காலையே வெட்டிக்கொடுத்த அந்தத் தளபதிக்காகவே பின்பாதியைப் படிக்கலாம்.

இனி சேகாவின் பக்கம். 1983 ஜூலை 15 அன்று நின்டெண்டோவின் ஃபேமிகாமும் சேகாவின் முதல் வீட்டுக் கன்சோலும் ஜப்பானில் ஒரே நாளில் கடைக்கு வந்தன. ஃபேமிகாம் வெகுதூரம் முன்னே போய்விட்டது. 1985இல் சேகா மார்க் 3 என்ற மேம்பட்ட கன்சோலைக் கொண்டுவந்தது. படம் பளிச்சென்று இருந்தது, வாங்குவதற்குத்தான் ஒரு காரணம் தேவைப்பட்டது. பள்ளிக்கூடப் பையன்கள் எல்லோரும் பேசும் ஒரு மங்காவைவிட வலுவான காரணம் ஏது? 1986 ஜூலையில் மார்க் 3க்கு 'ஹொகுதோ நோ கென்' வந்தது. புரோகிராம் எழுதியவர் யூஜி நாகா. அப்போது அவருக்கு 20 வயது. பிற்பாடு 'ஃபேன்டசி ஸ்டார்', 'சோனிக்' ஆகியவற்றால் உலகறிந்த பெயர் ஆகப்போகிறவர்.

அந்த விளையாட்டை இன்று எடுத்து ஆடினாலும் யோசனையின் கூர்மை தெரிகிறது. பக்கவாட்டில் நடந்து போகிறோம், இருபுறமிருந்தும் அடியாட்கள் ஓடி வருகிறார்கள். ஒரு அடி பட்டதும் துண்டு துண்டாகச் சிதறுகிறார்கள். இது வேகமான பகுதி. கட்டத்தின் முடிவில் பாஸ் வரும்போது காட்சியே மாறிவிடும். உருவங்கள் பெரிதாகி, ஒருவருக்கு ஒருவர் நின்று மோத வேண்டும். கண்டபடி பொத்தானைத் தட்டி இங்கே ஜெயிக்க முடியாது. ஒவ்வொரு பாஸையும் வீழ்த்த ஒரு வழி இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து அந்த விதத்தில் அடிக்க வேண்டும். வர்மத்தை அறிந்தவன் மட்டுமே வெல்வான் என்ற மங்காவின் நியதியை 128 கிலோபைட் கேட்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டார்கள். மங்காவின் தாமதத்தை வாங்க முடியாத இடத்தில், விடையைத் தேட வைக்கும் ஒரு காத்திருப்பை நாகா நட்டிருக்கிறார். இருபது வயதில் இது சாதாரணக் காரியமில்லை.

வெளிநாட்டுக்குப் போனபோது அதற்கு முதல் வெட்டு விழுந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மாஸ்டர் சிஸ்டம் என்ற பெயரில் அந்தக் கன்சோல் விற்றது. விளையாட்டின் பெயர் 'பிளாக் பெல்ட்' என்று மாறியது. கென்ஷிரோ ரிக்கி ஆனான், வெள்ளைக் கராத்தே உடுப்பு மாட்டிக்கொண்டான், கடத்தப்பட்ட காதலியைத் தேடிப் புறப்பட்டான். யுகமுடிவுப் பாலை மறைந்து சாதாரண ஊர்கள் வந்தன. ஆனால் அடிபட்டவன் துண்டாகச் சிதறுவது மட்டும் அப்படியே இருந்தது. கராத்தே வீரன் ஒருவன் தட்டியதும் மனிதர்கள் ஏன் இப்படி உதிர்கிறார்கள் என்று அங்கே ஆடியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

1988 அக்டோபர் 29 அன்று சேகாவின் அடுத்த கன்சோலான மெகா டிரைவ் ஜப்பானில் வெளியானது. நின்டெண்டோவின் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3' வந்து ஆறே நாள்தான் ஆகியிருந்தது; ஊரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. 16 பிட் எந்திரத்தின் பலத்தைக் காட்டச் சேகாவுக்கு மறுபடியும் தெரிந்த முகங்கள் தேவைப்பட்டன. கென்ஷிரோ திரும்பி வந்தான். 1989 ஜூலை 1 அன்று மெகா டிரைவில் வந்த 'ஹொகுதோ நோ கென்' மார்க் 3 விளையாட்டின் தொடர்ச்சி. முதல் விளையாட்டு மங்காவின் முன்பாதி என்றால் இது பின்பாதி. பேரரசில் தொடங்கி அசுரர் நாட்டில் முடிகிறது. தொடர் இதழில் முற்றுப்பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. தொலைக்காட்சியில் பின்பாதி அனிமே 1988 பிப்ரவரியிலேயே முடிந்திருந்தது. எல்லோரும் முடிவு தெரிந்துகொண்டு ஆடிய விளையாட்டு இது.

கேட்ரிட்ஜ் நான்கு மடங்கு பெரிதாகி 512 கிலோபைட்டுக்கு வந்திருந்தது. அந்த இடம் எதற்குப் போயிற்று என்று திரையிலேயே தெரியும். கென்ஷிரோவின் உருவம் நிமிர்ந்து நிற்கிறது. ஹாரா வரைந்த தோள்பட்டையும் புஜமும் ஓரளவாவது இப்போதுதான் வீட்டுத் திரைக்கு வந்தன. கட்டங்களை ஒரு வரைபடம் இணைக்கிறது. எந்த வழியில் போகலாம் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். சில இடங்களில் அடியாட்கள், சில இடங்களில் தனிச் சண்டை, சில இடங்களில் பொறிகள் நிறைந்த குகைப் பாதை. சில இடங்களில் சண்டையே இல்லை; ஒரு நண்பர் நின்று ஓரிரு வரி பேசுவார், நம் பலம் கூடும். எதிரிகள் வீழ வீழ ஒரு அளவுகோல் நிரம்பும். அது நிரம்பியதும் கென்ஷிரோவின் தசை புடைத்து மேலாடை கிழிந்து பறக்கும். மங்கா வாசகர்கள் வாராவாரம் காத்திருந்த கணம் அது. அளவுகோலை நிரப்பி அதற்காக ஏங்க வைத்தது நல்ல யோசனை. முதல் பாகத்தில் பாஸ் சண்டையில் இருந்த காத்திருப்பு இங்கே வேறு உருவில் வந்திருக்கிறது.

இதைச் சொல்லும்போதே குறையையும் சொல்ல வேண்டும். பாதைகள் தட்டையானவை, ஒரே அடியாள் திரும்பத் திரும்ப வருகிறான், உயிர் ஒன்றுதான். குகைகளில் பறந்து வரும் கோடரிக்கு விலகத் தெரியாதவன் பாதி விளையாட்டைப் பார்க்காமலே விடுவான். முதல் பாகத்தின் பாஸ் சண்டைகளில் இருந்த சிந்தனை இதில் மெலிந்துவிட்டது. ஆனாலும் ஜப்பானியப் பதிப்பில் அடி வாங்கியவன் கென்ஷிரோவின் எதிரியாகத்தான் சாகிறான். நின்ற இடத்தில், ரத்தம் தெறிக்க, தலை சிதறிச் சாகிறான்.

ஆறு வாரம் கழித்து, 1989 ஆகஸ்டில், மெகா டிரைவ் ஜெனிசிஸ் என்ற பெயரில் அமெரிக்கா போனது. அதன் அறிமுக வரிசையில் இந்த விளையாட்டும் 'லாஸ்ட் பேட்டில்' என்று மாறி இடம்பெற்றது. கென்ஷிரோவின் பெயர் ஆர்சாக். மற்றவர்கள் பெயர்களும் மாறின. பாலை அப்படியே இருந்தது, கிழியும் மேலாடை இருந்தது, கதையும் இருந்தது. வெடிப்பு மட்டும் போய்விட்டது. அடி பட்டவன் சிக்ஸருக்குப் பறக்கும் பந்து மாதிரி திரைக்கு வெளியே எகிறிப் போய்விடுவான்.

இரண்டு பதிப்புகளையும் அடுத்தடுத்து ஆடும்போது எனக்குப் பட்டது இது. ரத்தத்தை நீக்கியதில் பெரிய நஷ்டம் இல்லை. ஜப்பானியத் தொலைக்காட்சியும் வெடிக்கும் உடல்களை வெறும் நிழலுருவமாகத்தான் காட்டியது. ஆனால் நிழலாகக் காட்டினாலும் தொடுதல், சிரிப்பு, தாமதம், வெடிப்பு என்ற வரிசையை அனிமே குலைக்கவில்லை. 'லாஸ்ட் பேட்டில்' குலைத்தது. எதிரி பறந்து போகிறான் என்றால் அவனைத் தூக்கி எறிந்தது அடியின் வேகம். புஜபலம் உள்ள எவனும் அதைச் செய்வான். உடம்பின் உள்ளே நடக்கும் காரியம்தான் ஹொகுதோவின் கலை, அது அங்கே இல்லவே இல்லை. ஆகக் கடல் கடந்த இரண்டு விளையாட்டுகளில் 'பிளாக் பெல்ட்' உலகத்தை இழந்து கலையை வைத்துக்கொண்டது. 'லாஸ்ட் பேட்டில்' உலகத்தை வைத்துக்கொண்டு கலையை இழந்தது. இரண்டையும் ஆடியவனுக்குக்கூட இவை ஒரே நாயகனின் கதை என்று தெரிய வழியில்லை. இரண்டாம் பாகம் என்ற எண்ணமே துறைமுகத்தில் கழன்றுவிட்டது. முந்தைய 136 அத்தியாயங்களை அறிந்தவருக்காக எழுதிய வசனங்கள், சுருங்கிய ஆங்கிலத்தில், யார் எவர் என்று புரியாத விடுகதைகளாகிவிட்டன.

அதே 1989இல் அமெரிக்கக் கடைகளில் நின்டெண்டோவுக்கும் ஒரு விளையாட்டு வந்தது. டாக்சன் என்ற நிறுவனம் வெளியிட்டது. அதன் அட்டையில் மங்காவின் பெயர் ஆங்கிலத்தில் முழுதாக இருந்தது. ஃபேமிகாமுக்கு டோயே வெளியிட்ட வேறொரு விளையாட்டு வரிசையின் இரண்டாம் பாகம் அது. அதற்கும் கதை இதே பின்பாதிதான். அதன் முதல் பாகம் அமெரிக்காவுக்குப் போகவே இல்லை. விஸ் நிறுவனம் மங்காவை ஆங்கிலத்தில் மாத இதழாக வெளியிடத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். ஒரே கதையின் பின்பாதி ஒரே ஆண்டில், ஒரு கடையில் பெயரோடும் இன்னொரு கடையில் பெயரின்றியும் விற்றிருக்கிறது. 'லாஸ்ட் பேட்டில்' பிறகு அமிகா, கமடோர் 64 கணினிகளுக்கும் போயிற்று, அப்போதும் பெயரின்றியே.

2018இல் சேகா மறுபடியும் இந்த மங்காவைக் கையில் எடுத்தது. 'யாகுசா' வரிசையை உருவாக்கிய குழு, பிளேஸ்டேஷன் 4க்காக 'லாஸ்ட் பாரடைஸ்' என்ற பெயரில் செய்தது. இம்முறை அமெரிக்கப் பதிப்பிலும் கென்ஷிரோ கென்ஷிரோவாகவே வந்தான். எதிரியைத் தளர வைத்து, சரியான கணத்தில் பொத்தானை அழுத்தினால் விரல் வர்மப் புள்ளியில் பதியும், கலையின் பெயர் திரையில் எழும், அதன் பிறகே வெடிப்பு வரும். முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ரிட்ஜில் முடியாத அந்தத் தாமதத்துக்கு இப்போது இடம் கிடைத்திருந்தது. இதே விளையாட்டுக்குள் 1986ஆம் ஆண்டின் மார்க் 3 'ஹொகுதோ நோ கென்' முழுதாக, அசல் உருவில், ஆடும்படி வைக்கப்பட்டிருக்கிறது. 'பிளாக் பெல்ட்' ஆடி வளர்ந்த மேற்கத்தியர்கள் ரிக்கியின் உண்மையான முகத்தைப் பார்த்தது இதில்தான்.

மெகா டிரைவ் பாகத்தை அதில் சேர்க்கவில்லை. தட்டையான கட்டங்களும் ஒற்றை உயிரும் உள்ள விளையாட்டு என்றாலும், 16 பிட் காலத்தின் வாசலில் ஒரு மங்காவின் பின்பாதியைச் சுமந்து நின்ற படைப்பு அது. வெடிப்போடும் சொந்தப் பெயரோடும், புரியும் ஆங்கில வசனத்தோடும் சேகா அதை ஒருமுறை வெளியே அனுப்ப வேண்டும். வைத்தால் முதல் பாகத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.