எழுதாமல் விட்ட நாடு

1974 ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று சிறு கையேடுகள், விலை 10 டாலர், முதல் அச்சில் 1,000 பிரதிகள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய அந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் அச்சில் வந்த முதல் ரோல்-பிளேயிங் கேம். ஒருவர் நடுவராக இருந்து நடப்பதைச் சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகித் தாங்கள் செய்வதைச் சொல்வார்கள், பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். அந்தப் பெட்டியில் ஒரு உலகம் இல்லை. காட்டிலும் மலையிலும் பயணம் போக வேண்டுமென்றால், அவலான் ஹில் என்ற வேறொரு நிறுவனத்தின் 'அவுட்டோர் சர்வைவல்' விளையாட்டை வாங்கி அதன் பலகையை வரைபடமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கையேடு சொன்னது. ஹாபிட் முதலான சில உயிரினங்கள் டோல்கீனிடமிருந்து எடுத்தவை. உரிமைதாரர்கள் ஆட்சேபித்ததால் 1977 வாக்கில் ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆனது. இன்று இந்த விளையாட்டுகளின் வரலாற்றைச் சொல்பவர்கள் கிரேஹாக், ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், குளோராந்தா என்று உலகங்களின் பெயர்களாகவே அடுக்குகிறார்கள். ஓர் ஆசிரியர் உலகைப் படைத்தார், ஆடுபவர்கள் அதற்குள் நுழைந்தார்கள் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நடந்தது பெரும்பாலும் நேர்மாறு. ஆடியவர்கள் கேட்டதிலிருந்தும் செய்ததிலிருந்தும்தான் உலகம் திரண்டது. அவர்களுக்கென்று இடம் ஒதுக்கிய உலகங்களே ஆட்டத்துக்கு உதவின.

இந்த விளையாட்டுகளின் வேர் போர் விளையாட்டில் இருக்கிறது. 1824-ல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் படைத்தலைவர்களின் பயிற்சிக்காக 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். அதில் நடுவர் உண்டு. அதே வழியில் 1880-ல் அமெரிக்க ராணுவ அதிகாரி சார்லஸ் டாட்டன் 'ஸ்ட்ராடகோஸ்' எழுதினார். அந்தப் பழைய புத்தகத்தை மின்னசோட்டாவில் நூலகத்திலிருந்து தேடியெடுத்தவர் டேவிட் வெஸ்லி. 1969-ல் அவர் நெப்போலியன் காலத்துப் போர் ஒன்றை அமைத்தார். களம் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊர். படைத்தலைவர்கள் போக மிஞ்சியவர்களுக்கு மேயர், வங்கி முதலாளி, பல்கலைக்கழக வேந்தர் என்று வேடம் கொடுத்தார். ஆட்டம் உடனே கைமீறிப்போனது. ஆளாளுக்கு மூலையில் ஒதுங்கி ரகசியம் பேசினார்கள். இருவர் வந்து, நாங்கள் ஒற்றைக்கு ஒற்றை மோதப்போகிறோம், முடிவைச் சொல் என்றார்கள். அதற்கு விதியே இல்லை, வெஸ்லி அந்த இடத்திலேயே ஒன்றை உண்டாக்கினார். படைகள் மோத நேரமே வரவில்லை. ஆட்டம் தோற்றுவிட்டது என்று அவர் நினைத்தார், வந்தவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். எல்லாமே அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியவை என்பேன். ஊர் என்பது வெஸ்லி கொடுத்த பெயரும் சில வேடங்களும் மட்டுமே. மற்றதை அன்று மாலை ஆடியவர்கள்தான் நிரப்பினார்கள்.

வெஸ்லி ராணுவப் பணிக்குப் போன பிறகு அந்தக் குழுவை நடத்தியவர் ஆர்னசன். அவருடைய பிளாக்மூர் ஒரு கோட்டை, அதைச் சுற்றி ஒரு ஊர், கோட்டைக்கு அடியில் சுரங்க அறைகள். எதிரிப் படையிடமிருந்து ஊரைக் காக்க வேண்டிய வீரர்கள் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கிக் கிடந்தார்கள். கடைசியில் ஊர் பறிபோனது. ஆர்னசன் அதைத் திருத்தவில்லை, ஆடுபவர்களை நாடு கடத்தி வேறொரு ஏரிப் பகுதியில் கதையைத் தொடர்ந்தார். இதைவிடத் தெளிவான சாட்சி சர் ஃபாங். ஒருவருடைய பாத்திரம் ரத்தக்காட்டேரியாக மாறி, யாராலும் வெல்ல முடியாதபடி வளர்ந்துவிட்டது. அதை அடக்க, டிராகுலா படங்களில் வரும் காட்டேரி வேட்டைக்காரர் பாணியில் ஒரு பாதிரியார் பாத்திரம் வந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இன்றும் இருக்கும் 'கிளரிக்' வகை அந்தச் சண்டையின் வாரிசு. கோடிக்கணக்கானோர் ஆடும் ஒரு விளையாட்டில் மதகுருமார் இருப்பதற்குக் காரணம் இறையியல் அல்ல, மேசையைச் சுற்றி எழுந்த ஒரு பகை.

ஆடுபவர்களே உலகைத் திரட்டினார்கள் என்பதற்கு வரும் முதல் ஆட்சேபம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. விளையாட்டு பிறப்பதற்கு முன்பே முழுமையாக இருந்த உலகங்கள் உண்டே? மின்னசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். ஏ. ஆர். பார்க்கர், உருது பாடநூல்களும் க்ளமத் பழங்குடி மொழிக்கு இலக்கணமும் எழுதியவர், டெகுமெல் என்ற உலகைச் சிறுவயது முதலே வளர்த்துவந்தார். அதன் மொழிக்கு இலக்கணமும் எழுத்தும் இருந்தன, கேட்பவரின் அந்தஸ்துக்கேற்ப முன்னிலைப் பெயர்கள் மட்டுமே டஜன் கணக்கில். 1975-ல் 'எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்' என்று அது வெளிவந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. இவ்வளவையும் கற்றுக்கொண்டு யார் ஆடுவது? பார்க்கர் கண்ட வழி, ஆடுபவர்களைப் படகில் வந்திறங்கிய அந்நியர்களாக்குவது. ஜகல்லா துறைமுகத்தில், வெளியூர்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில், ஊர் வழக்கம் தெரியாமல் அவர்கள் தொடங்குவார்கள். நிறைந்த உலகத்துக்கும் அறியாமை என்ற வாசல் தேவைப்பட்டது. இருந்தும் டெகுமெலைப் போற்றியவர்கள் பலர், ஆடியவர்கள் சிலர். ஒரே மனிதரின் தலைக்குள் முழுதாக இருந்த உலகம் அவரோடேயே கட்டுண்டும் கிடந்தது. புனைபெயரில் அவர் நாஜி ஆதரவு நாவல் எழுதியிருந்ததை 2022-ல் டெகுமெல் அறக்கட்டளையே ஒப்புக்கொண்டபோது, ரசிகர்கள் பலருக்கு அந்த உலகத்திலேயே கால்வைக்கக் கூசியது. குளோராந்தா வேறு விதம். கிரெக் ஸ்டாஃபோர்ட் அதை 1966-ல் கல்லூரி மாணவராக எழுதத் தொடங்கினார். 1978-ல் அந்த உலகுக்கான 'ரூன்குவெஸ்ட்' விளையாட்டு வந்தபோது அதன் விதிகளை ஸ்டீவ் பெர்ரினும் மற்றவர்களும் அமைத்தார்கள். உங்கள் குளோராந்தா என்னுடையதைப் போல் இருக்க வேண்டியதில்லை என்பது பின்னாளில் ஸ்டாஃபோர்டும் அவருடைய வாசகர்களும் வழக்கமாகச் சொல்லிக்கொண்ட பேச்சு.

இரண்டாவது ஆட்சேபம் கல்லாப்பெட்டியிலிருந்து வருகிறது. 1984-ல் டிராகன்லான்ஸ் என்ற உலகம், கதை முன்கூட்டியே தீர்மானித்த சாகசங்களோடும் மார்கரெட் வைஸ், ட்ரேசி ஹிக்மேன் எழுதிய நாவல்களோடும் வந்தது. நாவல்கள் பெருவாரியாக விற்றன. விற்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாகசங்களில் ஒரு விதியைப் பாருங்கள். முக்கியப் பாத்திரம் இறந்தால் உடல் கிடைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வரவேண்டியிருக்கும் என்று நடுவருக்கு அது அறிவுறுத்துகிறது. சாகக்கூட உரிமையில்லாத இடத்தில் ஆடுபவர் வாசகர்தான். ரயில் தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள் என்று ஆட்டக்காரர்கள் அன்றே முணுமுணுத்தார்கள். ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் இதே மாற்றத்தை ஒரே நாட்டில் காணலாம். கனடாவைச் சேர்ந்த எட் கிரீன்வுட்டின் அந்த உலகம் 1987-ல் பெட்டியாக வந்தபோது, செம்பியா என்ற வணிக நாட்டை, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் தொடாமல் விட்டது. அது நடுவர்களுக்கு, விருப்பம்போல் நிரப்பிக்கொள்ளுங்கள் என்றது. 2000-ல் தொடங்கி அதே செம்பியாவைக் களமாக்கி ஒரு நாவல் வரிசையே வந்தது. தன் வீட்டு மேசையில் அந்நாட்டைப் பத்தாண்டு வளர்த்தவருக்கு யாரும் இழப்பீடு தரவில்லை. இடையில் டார்க் சன், பிளேன்ஸ்கேப் என்று உலகத்துக்கு மேல் உலகமாக வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் கடனில் மூழ்கி 1997-ல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கைக்குப் போனது. விற்காமல் திரும்பிவந்த புத்தகங்களும் அதற்குக் காரணம், ஆகவே பழியை உலகங்கள் மேல் மட்டும் போட முடியாது. ஆனால் ஒரு உலகின் வாடிக்கையாளர் இன்னொன்றை வாங்காமல் போனதில் சந்தை துண்டு துண்டானது.

வாங்கிய நிறுவனம் 2002-ல் புதிய உலகத்துக்குப் போட்டி அறிவித்தது, 11,000-க்கு மேல் யோசனைகள் வந்தன. வென்ற கீத் பேக்கரின் எபெரான் 2004-ல் அச்சேறியது. அதன் கண்டத்தின் நடுவில் சயர் என்ற நாடு ஒரே நாளில் அழிந்து சாம்பல் மூட்டமாகிக் கிடக்கிறது. அந்த உலகின் நூறாண்டுப் போர் நின்றதற்கே அந்த அழிவுதான் காரணம். அழித்தது யார், எப்படி என்பதை அதிகாரபூர்வமாகச் சொல்லவே மாட்டோம் என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்தார்கள். நாவல்களில் நடப்பது மேசையைக் கட்டுப்படுத்தாது என்றும் தீர்மானித்தார்கள். சயரை ஒரு குழுவில் மந்திரவாதிகள் அழித்திருப்பார்கள், இன்னொன்றில் அதன் அரசியே. இரண்டு நடுவர்களும் சரி.