பெயர் போடும் மரபு



எமது தேயிலைத் தோட்டங்களிலே 'பேர்' என்னும் சொல்லுக்கு அகராதியிற் காணாத பொருள் ஒன்று உண்டு. ஒரு பேர் என்றால் ஒரு நாட் கூலி. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' விழும். செக்றோலில் ஒருவரது பெயருக்கு நேரே இடப்படும் குறியே அவர் வீட்டில் உலை ஏறுவதற்கு ஆதாரம். ஆகவே பெயரின் அருமையை மலையக மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆயினும் அப்பெயர் செக்றோலுடன் நின்றுவிடுகின்றது. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயரைப் பாடநூல்கள் கூறுகின்றன. அது தக்கதே. ஆனால் காடு வெட்டிக் கன்று நட்ட கைகளுக்கு உரியவர் யாவர் என்று அந்நூல்கள் கூறவில்லை.

பலர் கூடி ஆக்கிய பொருளில் அனைவர் பெயரையும் காப்பது எவ்வாறு? இவ்வினாவை நம் காலத்திலே கணினித் துறையினர் நேர்மையாக எதிர்கொண்டனர். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர், யாவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுடைய கட்டற்ற மென்பொருளை ஆக்கும் முயற்சியை அறிவித்தார். அதற்கென எழுந்த பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு 1991இல் வெளிவந்தது. ஒரு கோப்பைத் திருத்தியவர், தாம் திருத்தியதையும் திருத்திய நாளையும் அதிலே குறித்தல் வேண்டும் என்று அது விதித்தது. திருத்தப்பட்ட மென்பொருள் பயனரோடு உரையாடும் வகையினதாயின், அது இயங்கத் தொடங்கும்போதே பதிப்புரிமை அறிவிப்பையும், உத்தரவாதம் உண்டா இல்லையா என்பதையும், பிறருக்கு வழங்கும் உரிமையையும் காட்டுதல் வேண்டும் என்றும் கூறியது.

இதிலும் இடர் தோன்றாமலில்லை. பெர்க்லி மென்பொருளின் பழைய உரிமம், விளம்பரந்தோறும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லுமாறு கேட்டது. பிறரும் அவ்வாறே தத்தம் பெயரைச் சேர்த்தனர். 1997ஆம் ஆண்டின் நெட்பிஎஸ்டி பதிப்பு ஒன்றில் இத்தகைய வாசகங்கள் 75 இருந்ததை ஸ்டால்மன் எண்ணிக் காட்டினார். 1999இல் பல்கலைக்கழகம் அவ்விதியை நீக்கியது. லினக்ஸ் கருவகமோ வேறு வழி கண்டது. பங்களித்தோர் பெயர்களை ஒரு தனிக் கோப்பிலே தொகுத்து, இது முழுமையான பட்டியலன்று என்று அதன் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டது. அந்த அடக்கம் வரலாற்றாசிரியர்க்கும் வேண்டுவதாம்.

நம் நாட்டிலும் இம்மரபு வேரூன்றியது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, இலங்கைத் தன்னார்வலர் பலர் கூடி, காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவு செய்ய 'சஹானா' என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். 2006ஆம் ஆண்டிற்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. விருது எந்தத் தனியாளுக்குமன்றி அக்கூட்டு முயற்சிக்கே சென்றமை நோக்கத்தக்கது.

என் தவறொன்றையும் இங்கு கூறுதல் வேண்டும். எமது பாடசாலை மாணவர் வினாவிடை மென்பொருள் ஒன்றை ஆக்கி, தொடக்கத் திரையில் அதிபராகிய என் பெயரை மட்டும் இட்டிருந்தனர். அதைக் கண்டு மகிழ்ந்தேன், கைதட்டலையும் ஏற்றேன். அன்று மாலை, வினாக்களைத் தமிழிலே தட்டச்சுச் செய்த மாணவி ஒருத்தி, "ஐயா, எங்கட பேரும் உள்ளுக்கு எங்கயாவது இருக்குமா?" என்று மெல்லக் கேட்டாள். அவள் தாயார் கொழுந்து பறிப்பவர். எனக்கு விடை எழவில்லை. மறுநாளே என் பெயரை நீக்கி, எழுதியோர், படம் வரைந்தோர், பிழை பார்த்தோர் எனப் பிரித்துப் பெயர்களை இடச் செய்தோம்.

நேயர்களே, உங்கள் வீட்டு முதியோரிடம், எந்த மலையில் யார் யார் கன்று நட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பட்டியல் முழுமை பெறாமற் போகலாம். அதையும் தலைப்பிலே எழுதிவிடுங்கள். செக்றோலில் விழுந்த அரைப்பேர் வரலாற்றிலும் அரைப்பேராக நிற்றலாகாது.