லேப்டாப் படாளத்தில், சாஃப்ட்வேர் டேட்டா சென்டரில்: 'ஒரு ஆப் மட்டும்' தரும் கம்பெனிகள்... எப்படி நடக்கிறது?

செங்கல்பட்டைத் தாண்டி விழுப்புரம் ரயில் பாதையில் இருக்கிறது படாளம். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டால் சர்க்கரை ஆலைதான் ஞாபகம் வரும். பரனூர் பக்கம் மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் ஐடி கம்பெனிகள் வந்த பிறகு, இந்தப் பகுதியில் லேப்டாப் பையோடு ரயில் ஏறுகிறவர்களும் வந்துவிட்டார்கள்.

அப்படி ஒருவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார் என்று வையுங்கள். ஒரு ஐகானை க்ளிக் செய்ததும் கம்பெனி சாஃப்ட்வேர் திறக்கிறது. ஆனால், அவர் லேப்டாப்பில் அது இன்ஸ்டால் ஆகவே இல்லை! அப்போ அது எங்கே ஓடுது? நேற்று சேவ் செய்த ஃபைல் இன்று ஏன் காணோம்? சில நாள் காலையில் 'மெஷின் காலி இல்லை' என்று ஏன் வருது? பார்க்கலாம்.

லாக்டவுன் காட்டிய வழி

2020 மார்ச் 25-ம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. அதுவரை பிபிஓ கம்பெனிகள் ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்யவைக்க, தொலைத்தொடர்புத் துறையின் கடுமையான நிபந்தனைகள் இருந்தன. மார்ச் 13-ம் தேதியே அவற்றை தற்காலிகமாகத் தளர்த்திய மத்திய அரசு, நவம்பர் 5-ம் தேதி புதிய விதிமுறைகளை வெளியிட்டு நிரந்தரமாகவே எளிதாக்கியது.

அனுமதி கிடைத்தாலும் ஒரு கவலை மிச்சம். வாடிக்கையாளரின் தகவல் ஊழியர் வீட்டு லேப்டாப்பில் போய் உட்காரலாமா? இதற்கான விடைகளில் ஒன்றுதான் விர்ச்சுவல் டெஸ்க்டாப்.

பூல் என்றால் என்ன?

டேட்டா சென்டரில் இருக்கும் ஒரு பெரிய சர்வருக்குள், சாஃப்ட்வேர் மூலமாகவே பல கம்ப்யூட்டர்களை உருவாக்கலாம். ஒவ்வொன்றிலும் தனி விண்டோஸ் ஓடும். இப்படி ஒரே மாதிரி உருவாக்கிய கம்ப்யூட்டர்களின் கூட்டம்தான் 'பூல்'.

இதை ஒரு லாட்ஜ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவருக்கு, காலியாக இருக்கும் ஏதோ ஒரு ரூம். அவர் காலி செய்ததும் ரூமைச் சுத்தம் செய்து அடுத்தவருக்குக் கொடுப்பார்கள்.

முழு டெஸ்க்டாப் வேண்டாம், ஆப் போதும்

முதலில் முழு டெஸ்க்டாப்பையும் திரையில் காட்டினார்கள். லேப்டாப்புக்குள் இன்னொரு விண்டோஸ், இரண்டு ஸ்டார்ட் பட்டன் என்று குழப்பம். பலருக்குத் தேவை ஒரே ஒரு அக்கவுன்டிங் சாஃப்ட்வேர்தான்.

அதனால் அட்மின், பூலில் இருக்கும் அந்த ஒரு ஆப்பை மட்டும் 'பப்ளிஷ்' செய்கிறார். யாருக்கெல்லாம் தேவையோ அவர்களுக்கு மட்டும் ஐகான் தெரியும். க்ளிக் செய்தால் ஆப் டேட்டா சென்டரில் ஓடும். அதன் ஜன்னலின் படம் மட்டும் உங்கள் திரைக்கு வரும். நீங்கள் தட்டும் எழுத்தும் மவுஸ் அசைவும் திரும்பிப் போகும்.

சர்வரிலிருந்தே கொடுக்கலாமே?

கொடுக்கிறார்கள். சிட்ரிக்ஸ் 1995-லேயே வின்ஃபிரேம் மூலம் ஒரு சர்வரைப் பலர் பகிர வழி செய்தது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் சர்வர் 2008-ல் ரிமோட்ஆப் வசதியைக் கொண்டுவந்தது. இது டார்மிட்டரி மாதிரி. ஒரே ஹாலில் பல பேர், செலவு குறைவு.

ஆனால், சில சாஃப்ட்வேர்கள் டார்மிட்டரியில் தங்காது. சில, சாதாரண விண்டோஸ் 10 அல்லது 11-ல்தான் ஓடும். சர்வர் விண்டோஸில் ஏறாது. சில, ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரே ஆள் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. இவற்றுக்குத் தனி ரூம்தான் வழி. அதற்காகவே டெஸ்க்டாப் பூலிலிருந்து ஆப் பப்ளிஷ் செய்யும் வசதியை விஎம்வேர் தனது ஹொரைசன் தயாரிப்பில் 2019-ல் சேர்த்தது. அந்தப் பிரிவு 2024-ல் கைமாறி, இப்போது ஆம்னிசா என்ற பெயரில் இயங்குகிறது.

51-வது ஆளுக்கு என்ன ஆகும்?

சிக்கல் இங்கேதான். நீங்கள் திறந்தது ஒரு சின்ன ஆப்பாக இருக்கலாம். ஆனால், உங்களுக்காக ஒரு முழு மெஷின் ஒதுக்கப்பட்டிருக்கும். பூலில் 50 மெஷின் இருந்தால், ஒரே நேரத்தில் 50 பேருக்குத்தான் இடம். 51-வது ஆள் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆப் ஜன்னலை மூடிவிட்டாலே மெஷின் காலியாகிவிடும் என்று சொல்ல முடியாது. அட்மின் வைத்திருக்கும் நேரக் கணக்கு முடியும் வரை அது உங்கள் பெயரிலேயே இருக்கலாம். நீங்கள் லாக் ஆஃப் செய்யாமல் போனால், அடுத்த ஷிஃப்டுக்கு வருகிற உங்கள் சக ஊழியர்தான் காத்திருப்பார்.

நெட் போனால் வேலை போச்சா?

இல்லை. ஆப் ஓடுவது உங்கள் லேப்டாப்பில் இல்லையே! மழையில் இணைப்பு துண்டித்தாலும் அங்கே அது ஓடிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்ப இணைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தாமதமானால் அந்த செஷனே முடிந்துவிடலாம். அதனால் அடிக்கடி சேவ் செய்வது நல்லது.

ஆனால், எங்கே சேவ் செய்கிறீர்கள் என்பது முக்கியம். பல பூல்களில் லாக் ஆஃப் ஆனதும் மெஷின் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதன் சி டிரைவில் வைத்தது, லாட்ஜ் ரூமில் மறந்துவைத்த துண்டு மாதிரிதான். கம்பெனி சொன்ன நெட்வொர்க் டிரைவில் வைத்தால் பத்திரம்.

முழுப் பாதுகாப்பா?

ஃபைலை லேப்டாப்புக்கு இறக்குவதையும், காப்பி-பேஸ்ட்டையும் அட்மினால் தடுக்க முடியும். ஆனால், திரையை செல்போனில் படம் எடுப்பதைத் தடுக்க முடியாது. வீட்டு லேப்டாப்பில் வைரஸ் இருந்தால் பாஸ்வேர்டும் திருடு போகலாம். கம்பெனி ஓடிபி கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

மொத்தத்தில், வேலை முடிந்ததும் மூன்று விஷயம்: சேவ் செய்யுங்கள், அதுவும் சரியான டிரைவில். ஆப்பை மூடுங்கள். லாக் ஆஃப் கொடுங்கள்.